டிக்கிக்குள் எரிந்த விளக்கு

திண்டிவனம்,
கார்த்திகை, வியாழக்கிழமை

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் புருஷன் ஆனந்தராஜ் எழுதுவது. நீயும் சின்னபொண்ணு அத்தையும் விழுப்புரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நாலு மணி நேரமாவது தூங்கினால் போதும். போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் ஏதாவது உளறுவேன். அதனால்தான் காகிதம்.

மழை விட்டபாடில்லை. மல்லாட்டை விதைக்க ஈரம் காயட்டும் என்று காத்திருக்கிறேன். பூனை உன் பாயிலேயே படுத்துக்கினு கிடக்கு.

நம்ம பழைய டீசல் வண்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். உடனே கிழித்துப் போட்டுவிடாதே. உங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குது என்று போன் வந்த காலையில் அது ஒரு உறுமல்கூட இல்லாமல் கிடந்தது. சேற்றில் தள்ளிப் பார்த்தோம். பஸ் பிடித்துப் போவதற்குள் மாமா போய்விட்டார். தினம் சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டே நீதான் பேட்டரியைத் தீர்த்துவிட்டாய் என்று, சாவு வீட்டில் அத்தனை பேர் எதிரில் கத்தினேன். இப்போது டிவியில் பாட்டு வந்தாலே எழுந்து போய்விடுகிறாயாம், அத்தை சொன்னாங்க.

புது பேட்டரி போட்டேன். மூன்றாம் நாள் அதுவும் செத்தது. நீதான் இங்கே இல்லையே! பேஜாராகி மெக்கானிக் குமரேசனைக் கூப்பிட்டேன். சாவியை உருவிவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோர்த்தார். அது எரிந்தது. வண்டி தூங்கறப்பவும் எதுவோ கரண்டைக் குடிச்சிக்கினு இருக்குதுண்ணே என்றார். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். உள்விளக்கு பியூஸை எடுத்ததும் பல்பு அணைந்தது. கதவுப் பக்கம் எந்த விளக்கும் எரியவில்லை. பியூஸையும் ஒயரையும் பழையபடி மாட்டிவிட்டு, டிக்கிக்குள்ள படுங்க, நான் மூடறேன் என்றார்.

மூடினார். இருட்டே இல்லை, பிரியா. தலைமாட்டில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு. மேலே தகரத்தில் மழை. தண்ணிக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. மாமா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நீ பாட்டை மெதுவாக வைக்கிறாய், எந்த ஊர் என்றே தெரியாமல் மூணு பேரும் போய்க்கினே இருக்கோம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. குமரேசன் தட்டினபோதுதான் கண்ணீர் காதுவரைக்கும் இறங்கியிருந்தது தெரிந்தது.

டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. மூடும்போது அதுதான் சுவிட்சை அமுக்கி விளக்கை அணைக்கும். ஆயுத பூஜை அன்றைக்கு, உள்பக்கமும் சந்தனம் வைக்கப் போய், இடம் சமமாக இல்லை என்று அதைப் பிய்த்து எறிந்தவன் நான். இந்தக் கையால்தான். அன்றிலிருந்து உள்ளேயே எரிந்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. நீ கேட்ட பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்ட எல்லாரையும் கூப்பிட்டு வைக்கும்படி அத்தையிடம் சொல்லியாச்சு. அவங்க நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறேன். வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. உங்கப்பா உயிரோடு இருக்கையில் அவர் முகத்தைக் கடைசியாக நீ பார்க்க முடியாமல் செய்தவன் நான். திட்டுவதற்காவது என் முகத்தை ஒரு தடவை பார்.

மாமா உன்கூடவே இருந்து காக்கட்டும்.

ஆனந்தராஜ்