நீ கட்டை அவிழ்த்த பிறகு

என் அருமைப் புருஷனே,

காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தையல் கடைக்குப் போனாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எல்லோரையும் ஏவுகிற தலைமை நர்ஸ் நான். வீட்டில் நீ ஏவ நான் அடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நானேதான். நேற்று என் கைகளைத் துப்பட்டாவால் கட்டினாய். பாதியில் ஏதோ பழைய ஞாபகம் வந்து, "போதும்" என்றேன். உடனே அவிழ்த்துவிட்டு, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டாய்.

இல்லை, அசடே. முன்பு வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான் எத்தனை முறை "போதும்" என்றாலும் யார் காதிலும் விழுந்ததில்லை. போர்வைக்குள் நான் சந்தோஷத்தில் சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நீ நினைத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்ததும், மறுபடி கட்டட்டுமா என்று கேள். சரி என்பேனோ, வேண்டாம் என்பேனோ, எனக்கே தெரியாது. எதைச் சொல்லவும் பயமில்லை.

இப்படிக்கு,
மனசிருந்தால் உன் பேச்சைக் கேட்கிற பெண்டாட்டி