இடது கன்னம் உன் கல்லுக்கு

இன்று காலை உன் தீட்டுகல்லின்மேல் தண்ணீர் ஊற்றினேன். நனைந்ததும் அதிலிருந்து ஒரு வாசம் எழுந்தது, காய்ந்து கிடந்த மண்பானையில் முதல் தண்ணீர் விழுந்தாற்போல. ஆயர் ஈத்தாமில் உன் வீட்டுக் குசினி ஜன்னலோரம், பதினோரு வருஷம், ஞாயிறுதோறும் முகர்ந்த அதே வாசம். சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கல்லை உன் மனைவி போன வாரம்தான் கொடுத்தார். நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பார்த்துக்கொண்டதே ஒரு சண்டையில்தான். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டிக்கு நீயும் நானும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். உள்ளே இரண்டு சவரக்கத்திகள், இரண்டு தீட்டுகற்கள். நான் விடவில்லை. நீதான் சிரித்துக்கொண்டு, பங்கு போட்டுக்குவோம் லா என்றாய். ஆளுக்கு ஒரு கத்தி, ஒரு கல். மஞ்சள் கல்லை நீ எடுத்தாய். அது பெல்ஜியத்தில் வெட்டியெடுத்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். எனக்கு வந்தது கறுப்பு, சீனத்துக் கல். கெட்டியென்றால் அப்படி ஒரு கெட்டி. நூறு தடவை இழுத்தாலும் ஒன்றுமே நடக்காதது போல் பார்த்துக்கொண்டிருக்கும். என் குணத்துக்கு ஏற்ற கல் என்று உன் மனைவி கேலி செய்வார்.

பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் நாளெல்லாம் இரும்புத் துண்டுகளை அளந்து, இது சரி, இது தப்பு என்று பிரிக்கிற வேலை உனக்கு. அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவந்தாய். ஒரே முகத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் நியாயம் என்றாய். இடது கன்னம் உன் கல்லில் தீட்டிய கத்திக்கு, வலது கன்னம் என் கல்லில் தீட்டிய கத்திக்கு. உன் முகத்திலும் அப்படித்தான், என் முகத்திலும் அப்படித்தான். சவரம் முடிந்து அரை மணி நேரம் யாரும் தீர்ப்பு சொல்ல வாயைத் திறக்கக்கூடாது. "வெட்டும்போது எல்லா கத்தியும் நல்ல கத்திதான்டா. அரை மணி கழிச்சு கன்னம் என்ன சொல்லுதுன்னு கேளு," என்பாய். அதுவரை ஆளுக்கு ஒரு கோப்பை தேயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல இருக்கிறீர்கள் என்று உன் மனைவி சிரிப்பார்.

உன் கல்லில் ஒரு சின்னத் துண்டுக் கல்லைத் தேய்த்தால் பால் மாதிரி குழம்பு வரும். அதில் கத்தியை இழுத்து, ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டு, பால் தெளிந்து வெறும் தண்ணீர் ஆகும்வரை நீ பொறுமையாக இருப்பாய். அந்தக் கூர் தோலில் படுவதே தெரியாது. என் கூர் பட்டென்று வெட்டும், முடி நிற்கவே நிற்காது. ஆனால் அரை மணி கழித்து என் வலது கன்னம் எரியும். இடது பேசாமல் இருக்கும்.

முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேனா? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எரிகிற கன்னத்தைத் தடவிக்கொண்டே, என் கல்தான் என்று வாய் கூசாமல் சொல்வேன். நீ அப்படி இல்லை. இந்த வாரம் நான் தண்ணி பத்தாம விட்டுட்டேன், உனக்குத்தான் மார்க் என்று நீயே சொன்ன ஞாயிறுகள் உண்டு. ஒரு தடவை மட்டும் என்னை உற்றுப் பார்த்து, "ஒரு நாளைக்கு உன் வாயால சொல்ல வைக்கிறேன் பாரு," என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அதை நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு உனக்கு நோய் வந்தது. மருந்து ஏறி ஏறித் தோல் வெங்காயச் சருகு போலாகிவிட்டது, கை நடுங்கியது. பிளாஸ்டிக் சவரக்கத்தியை மட்டும் முகத்தில் வைக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்து என்னை வரச் சொன்னாய். நான் வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாய். என் கத்தியை எடுத்தேன். அந்தத் தோலுக்கு என் கல் ஆகாது என்று என் கைக்கே தெரிந்திருந்தது. உன் கல்லை எடுத்துப் பால் வரவைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நீ செய்கிற மாதிரியே தீட்டினேன். இரண்டு கன்னத்துக்கும் அதே கத்திதான்.

கண்ணை மூடிக்கொண்டே இருந்தாய். அரை மணி ஆனதும் புறங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாய். நான் தீட்டியதை நீ பார்க்கவில்லை. என் கத்தி என்பதால் என் கல் என்றே நினைத்துவிட்டாய்.

"நான்தான்டா இத்தனை நாளா வீம்பு பண்ணியிருக்கேன். உன் கல்லு நல்ல கல்லுதான்."

வீம்பு பண்ணியது நீயா? அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாவி, எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், சொன்னால் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டு கத்தியைத் துடைத்துப் பையில் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். முகத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் கன்னம் மழமழவென்று இருந்தது. முந்தின நாள் சவரம்.

போன வாரம் உன் மனைவி கல்லையும் உன் கத்தியையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "கடைசியில உங்க கல்லுதான் ஜெயிச்சுச்சுன்னு சொன்னாருண்ணே. தோத்த கல்லு எனக்கு எதுக்கு, அவன்கிட்டயே கொடுத்துருன்னாரு." வாங்கிக்கொண்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து துண்டைப் பிரிக்காமலே ஒரு வாரம் வைத்திருந்தேன்.

இன்று ஞாயிறு. இரண்டு கல்லிலும் இரண்டு கத்தியைத் தீட்டினேன், கல்லுக்கு ஒரு கன்னம். முடித்ததும் உன் மனைவியைப் போனில் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அதை அவருகிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி எல்லா ஞாயிறும் இப்படித்தான் நடக்கும். உன் சட்டத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. தே ஆறிக்கொண்டிருக்கிறது, அரை மணி ஆகிவிட்டது. வலது எரிகிறது. இடது பேசாமல் இருக்கிறது.

உன் கல்லுதான்டா.