தனியாக உதறிய துணி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது படி ஏறினால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. தம்பி தேர்வு எழுதி முடித்தான், எப்படி எழுதினாய் என்று கேட்டால் பேனாவால் என்கிறான். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாலங்களுக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் ஐந்து பேருக்கு உன்னைத் தலைமையாகப் போட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது, இப்போது என்னடாவென்றால் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாய். பதினெட்டு வருஷமாக அங்கே வரைகிற அந்த அக்கா உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சேர்ந்து சரிபார்க்கலாமா என்று ஒருநாள் நீ கேட்டதற்கு வேண்டாம் என்று வெட்டிவிட்டார், அதிலிருந்து அவர் மேசைப் பக்கமே போகாமல் எல்லாவற்றையும் நீயே பார்த்து அல்லாடுகிறாய். தனக்கு வரவேண்டிய பதவி உனக்கு வந்த வயிற்றெரிச்சல் அவருக்கு என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம் அம்மாடி. அந்த வயிற்றெரிச்சலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆறு மாதம் அந்த மனுஷியாக இருந்தவள் நான்தான்.

உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த எனக்குத்தான் அந்த இடம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வந்ததோ என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒருத்தி. எதைச் சொன்னாலும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வாள், நான்தான் அவளுக்கு நோட்டுக்காரி என்று பேர் வைத்தேன், அது ஒரே நாளில் கூடம் முழுக்கப் பரவியது. முதல் வாரம் என் மேசைக்கு வந்து, “அக்கா, தியேட்டர் துணியை நாம ரெண்டு பேரா உதறலாமா?” என்றாள். ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகள் பெரிசு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினால்தான் மடிப்புக்குள் ஏதாவது மாட்டியிருந்தால் கீழே விழும், அது எங்கள் கூடத்து வழக்கம். என்னோடு உதறிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தனியாகவே பார்த்துக்கொள்வேன் என்றேன். அவள் சரிக்கா என்று போய்விட்டாள். அன்றிலிருந்து வீம்புக்குத் தனியாகவே உதறினேன்.

போன மாதம் ஒருநாள் காலை பெரிய மெஷின் கடகடவென்று கத்தி நின்றது, தரையெல்லாம் தண்ணீர். மெஷின் அண்ணன் உள்ளே கையை விட்டு ஒரு இடுக்கியை எடுத்தார், டாக்டர்கள் துணியைப் பிடித்துவைக்க மாட்டுவது. உருளையையே கிழித்திருந்தது. அது என் கை வழியாகத்தான் மெஷினுக்குள் போயிருக்கும், ஏனென்றால் தியேட்டர் துணி உதறுகிறவள் நான் ஒருத்திதான். நிர்வாக அதிகாரி இறங்கி வந்து யார் செய்தது என்று சத்தம் போட்டார். நோட்டுக்காரி, “என் பிரிவுல நடந்தது சார், என் பேரை எழுதிக்கோங்க” என்றாள், அவ்வளவுதான். அவர் போனதும் எங்கள் பக்கம் திரும்பினாள், யார் என்று கேட்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன், அவளோ மெஷின் அண்ணனிடம் சின்ன மெஷின் ஒரு நடைக்கு எத்தனை விரிப்பு தாங்கும் என்று கேட்டாள், இஸ்திரிக்காரரிடம் சாயந்திரம் வரை இருக்க முடியுமா என்று கேட்டாள், பிறகு என்னிடம் வந்தாள். “அக்கா, எந்தத் தியேட்டருக்கு எது முதல்ல போகணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வரிசை சொல்லுங்க, நாங்க செய்யறோம்.” சொன்னேன். நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு அவளே முட்டிவரை ஈரத்தில் நின்று துணி அள்ளிப்போட்டாள், இஸ்திரிக்காரர் இப்படி மடி என்றால் இப்படி மடித்தாள். ஆறு மணிக்குக் கடைசிக் கட்டு மாடிக்குப் போனது, மறுநாள் ஒரு ஆபரேஷன்கூடத் தள்ளிப்போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் எட்டுப் பேரும் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை, சண்டைக்காரி என்று பேரெடுத்த நானே பார்த்துப் பார்த்து வியந்துபோனேன். அவளைப்போல ஒருத்தி அந்த இடத்துக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம், இதை இப்போது வாயாரச் சொல்கிறேன்.

மறுநாள் காலை ஏப்ரன்கூடக் கட்டாமல் எல்லோர் முன்னாலும் நான்தான் தனியாக உதறினேன், தப்பு என்னுடையது என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும்க்கா. நீங்க வேண்டாம்னு சொன்னதும் நானும் விட்டுட்டேன் பாருங்க, மறுபடி வந்து கேட்டிருக்கணும். அதுல என் தப்பும் இருக்கு” என்று சொல்லிவிட்டு விரிப்பின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். நான் அதிகாரியிடம் போய் அறிக்கையில் அவள் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதச் சொன்னேன், அவள் அடிக்க விடவில்லை, இப்போது எங்கள் இரண்டு பேர் பெயருமே அதில் இருக்கிறது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, உன்னையே வழிக்குக் கொண்டுவந்த பெண்ணை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்.

உன் அலுவலகத்து அக்கா மனசில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல முடியும், என் மனசைத்தான் சொல்ல முடியும். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அவர் மேசைக்குப் போ. ஆளைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி போகாதே, நிஜமாகவே உனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கப் போ. அப்படியும் வேண்டாம் என்றால் பிறகு உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு வேலை செய்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும், மனசு நிறைய வாழ்த்துகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மறக்காதே. அப்பாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன் கண்ணு. அவளிடம் வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்னேனே, அன்று முழுக்க அவள் திரும்ப வந்து கேட்கமாட்டாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் துணி உதறினேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா