பாயில் நெய்த பாஸ்வேர்டு

மாமி,

நேற்று மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போயிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறது என்று அழைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சாம்பிராணி வாசம் வந்தது. விசிறியின் இறக்கைகளில் புகை பிசுபிசுவென்று கறுப்பாகப் படிந்திருந்தது. அந்த வீட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வியாழக்கிழமை அந்தியில் வீடு முழுக்கக் காட்டும்போது இதை மட்டும் எப்படி விடுவது என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தமடையில் உங்கள் வீட்டில் நான் முதலில் துடைத்ததும் இந்தப் புகையைத்தான். தூபக்காலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொன்னபோது, "எல்லாத்துக்கும் காட்டிட்டு இதுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யச் சொல்லுதியா?" என்று கேட்டீர்கள். பிறகு நமக்குள் ஓர் உடன்பாடு ஆயிற்று. நீங்கள் அறை வாசலில் நின்று தூரத்திலிருந்து காட்டுவீர்கள். கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது, கெட்டும் போகவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, துணைக்கு வந்த உம்மா பக்கத்தில் தூங்கிவிட்டாள். நான் உங்களோடு மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றபோது யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். மேலே படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகவேண்டும். புது டீச்சர், புது முகங்கள். எழுந்து நின்று வாசி என்பார்கள். வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போகமாட்டேன் என்றேன், வாப்பாவும் சரி என்றுவிட்டார். வீட்டில் அவருடைய பழைய லேப்டாப் கிடந்தது. அதைத் திறந்து, மூடி, கெடுத்து, சரிசெய்து நானாகக் கற்றுக்கொண்டேன். விருந்தாளி வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அந்தக் கதவு வரைக்கும் வந்து என்னை வெளியே இழுத்தது, அதே தெருவிலிருந்த நீங்கள்தான். உங்கள் மகன் ஊருக்கு வந்திருந்தபோது பெரிய திரையோடு ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுச் சார்ஜாவுக்குத் திரும்பிவிட்டார். பேத்தியின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆனால் அது திறக்கவில்லை. "ஏட்டி, நீ பேசவேண்டாம். பேச்செல்லாம் நான் பாத்துக்கிடுதேன். உன் கையை மட்டும் கொண்டு வா" என்றீர்கள்.

அப்படித்தான் நாம் கூட்டாளிகளானோம். மதியம் லுஹர் தொழுதுவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்காருவீர்கள், நான் பக்கத்தில் முக்காலியில். முதல் வாரமே திரைக்கு மேலிருந்த கேமராவில் ஒரு துண்டுத் துணியைத் தொங்கவிட்டீர்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றேன். "தெரியாட்டா நல்லதுதான். நான் தலையில துணி போடாம இருக்கப்ப எவனும் எட்டிப் பாக்கக் கூடாது பாரு" என்றீர்கள். அந்தப் பழக்கம் நல்லது என்று பின்னாளில் எத்தனையோ இடத்தில் படித்தேன். நீங்கள் எங்கும் படிக்காமலே செய்தீர்கள்.

போனில் யார் வந்தாலும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டவர்களையும் விடமாட்டீர்கள். பதிவுசெய்த விளம்பரக் குரலிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அது பேசிக்கொண்டே போனதற்காக வருத்தப்பட்டீர்கள்.

உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் பேத்தியைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது. மாமா சவூதியில் இருந்த காலத்தில் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, கேசட்டில் பேசிப் பேசி ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார். மாமா மௌத்தாகி மறைந்த பிறகு அந்தக் கேசட்டுகளில் பூஞ்சணம் ஏறியது. மகன் அவற்றைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் கேட்கும்படி மாற்றி, உங்கள் மெயில் கணக்கில் போட்டு வைத்தார். பாழான கேசட்டுகளைத் தூக்கிப் போட்டாயிற்று. மாமாவின் குரல் இருந்த ஒரே இடம் அந்தக் கணக்குதான். நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கேட்பீர்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி மாற்றினாயா என்று மாமா கேட்பார். "அடுப்பே போயிட்டு, இவுஹ திரியைக் கேக்குதாஹ" என்று நீங்கள் திரைக்குப் பதில் சொல்வீர்கள்.

இவ்வளவு பெரிய சொத்துக்கு நீங்கள் போட்டிருந்த பூட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் திக்கென்று இருக்கிறது.

நம் ஊரில் கல்யாணத்துக்குப் பாய் நெய்யும்போது மாப்பிள்ளை பேர், பெண் பேர், நிக்காஹ் தேதி எல்லாவற்றையும் கோரையிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பார்கள். உங்கள் பாயை நீங்கள் விரித்ததே இல்லை. பட்டு மாதிரி இருக்கிறதில் யார் படுப்பது என்று சொல்லி, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டீர்கள். கம்ப்யூட்டரும் அதே கூடத்துக்குத்தான் வந்தது. மறக்காத ஒன்றைப் பாஸ்வேர்டாக வையுங்கள் என்று மகன் சொன்னபோது, நீங்கள் பாயிலிருந்த இரண்டு பேரையும் தேதியையும் அப்படியே வைத்துவிட்டீர்கள். மறந்துபோனால் நாற்காலியில் திரும்பிப் பார்த்தால் போதும். "எப்பிடி?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டீர்கள். நானும் அன்றைக்கு அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். நாம் இரண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் நமக்குப் பின்னாலிருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் தங்கச்சி ஒருநாள் வந்தார். அக்கா பெரிய திரையில் பேத்தியோடு பேசுகிறாள் என்ற பெருமையில் உங்களை நாற்காலியோடு ஒரு போட்டோ எடுத்தார். அதைத் தன்னுடைய இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார். போட்டோவில் உங்கள் தலைக்கு மேலே பாய் முழுசாக விழுந்திருந்தது. எழுத்து எழுத்தாக வாசிக்கலாம். உங்கள் மெயில் முகவரியோ உங்கள் பேரும் ஊரும் சேர்ந்ததுதான். பிறகு உங்கள் கணக்குக்குள் புகுந்தவன் அதைப் பார்த்துத்தான் வந்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்கடுத்த வாரம் உங்கள் கணக்கு திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்று சொன்னது. நீங்கள் திரும்பிப் பாயைப் பார்த்து, மறுபடியும் அடித்துப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தீர்கள்.

நீங்கள் சொல்லிவிட்டு, உம்மா என்னை அனுப்பி, நான் உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் தங்கச்சி உதவிக்கு ஓர் எண்ணைத் தன் மொபைலில் தேடி எடுத்து, உங்கள் போனிலிருந்து அழைத்துவிட்டிருந்தார். மெயில் கம்பெனியின் ஆள் என்று ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். நீங்கள் போனைச் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கு வாசலிலேயே கேட்டது. அம்மா, அம்மா என்று அவ்வளவு பணிவாகப் பேசினான். உங்கள் போனுக்கு இப்போது ஓர் எண் வரும், அதை எனக்கு வாசித்துச் சொன்னால் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறேன் என்றான். நீங்களும் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்திருந்தீர்கள். இன்னும் இல்லையென்றான் போல. "பாவம், நமக்காகப் பட்டினியா இருக்கான்" என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

போன் டிங் என்றது. எண் வந்துவிட்டது. நீங்கள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனீர்கள்.

உண்மையான கம்பெனி எதுவும் அந்த எண்ணைக் கேட்காது என்று எனக்குத் தெரியும். அதை வாங்கிவிட்டால் அவனே உங்கள் கணக்குக்குச் சொந்தக்காரன். ஆனால் வகுப்பில் எழுந்து நின்றதுபோல நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், உங்கள் தங்கச்சி என்னையே பார்க்கிறார். நீங்கள் முதல் எண்ணைச் சொல்ல வாயெடுத்தீர்கள்.

"மாமி, சொல்லாதீங்க. சொன்னா மாமா குரல் போயிரும்."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. யாரும்மா அது என்று அவன் கேட்டான். சின்னப் பிள்ளைகள் பேச்சைக் கேட்டால் கணக்கு போய்விடும், சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினான். உங்கள் தங்கச்சி, "பத்தாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் என்னக்கா தெரியும்? நீ சொல்லு" என்றார்.

நீங்கள் போனைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, எங்க வீட்டுப் பிள்ளை வேண்டாங்குதா. பேசாத பிள்ளை பேசுனா நான் கேக்கணும்லா. நீ போயி சாப்பிடு, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

அவன் திரும்பத் திரும்பப் போன் அடித்தான். பணிவெல்லாம் ஒரு தடவையோடு சரி. அடுத்த முறை நீங்கள் எடுத்தபோது அவன் பேசிய பேச்சைக் கேட்டுத் தங்கச்சியின் முகம் மாறியது. பிறகு நீங்கள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, இப்ப என்ன செய்யப் போறே என்று கேட்டீர்கள். திறக்கும் என்று எனக்கும் உறுதியில்லை, மாமி. உள்ளே போனவன் உங்கள் போன் எண்ணையும் மாற்றியிருந்தால் அத்தோடு முடிந்தது. அதை உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல், செய்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தேடினால் போலி எண்ணும் போலிப் பக்கமும் வரும் என்பதால், எதையும் தேடாமல் மெயில் கம்பெனியின் இணைய முகவரியை நானே கையால் அடித்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினேன். எப்போதும் கணக்கைத் திறக்கிற கம்ப்யூட்டர்தான் இது என்று அது தெரிந்துகொண்டு, உங்கள் போனுக்குப் புது எண் ஒன்றை அனுப்பியது. உள்ளே போனவன் போன் எண்ணை மாற்றியிருக்கவில்லை. நீங்கள் மீன்காரரிடம் விலை கேட்பதுபோல உரக்க வாசித்தீர்கள். நான் அடித்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உங்கள் தங்கச்சி வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நின்றார். திறந்தது.

எந்தெந்தக் கருவியில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பக்கத்தை உங்களுக்குக் காட்டினேன். நம் கம்ப்யூட்டருக்குக் கீழே நாம் கேள்விப்படாத ஊரில் ஒரு போன் இருந்தது. "நம்ம வீட்டுக்குள்ள செருப்போட நடந்திருக்கான்" என்றீர்கள். அதை வெளியே தள்ளும் பொத்தானை உங்களையே அழுத்தச் சொன்னேன். வேண்டிய அளவுக்கு மேலே அழுத்தினீர்கள். அதன் பிறகுதான் மாமாவின் குரல்களைத் தேடினோம். எல்லாம் இருந்தன. நீங்கள் ஒன்றைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டீர்கள். அன்றைக்கு மட்டும் மாமாவுக்குப் பதில் சொல்லவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தங்கச்சி போட்டோவை எடுத்துவிட்டு, பாயையும் கழற்றி வைத்துவிடலாம் என்றார். "பாய் என்ன செஞ்சுது? நாமதான் சாவியை வாசல்ல தொங்கப் போட்டோம்" என்று நீங்கள் சொன்னீர்கள். பாய் சுவரிலேயே இருந்தது.

புதுப் பாஸ்வேர்டுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை நீளமாகச் சேர்த்து வையுங்கள், வேறு யாருக்கும் தோன்றக் கூடாது என்றேன். எனக்கும் சொல்லாதீர்கள் என்றதும் உங்களுக்குக் கோபம். உனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்றீர்கள். நான் முக்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தீர்கள். நடுவில் ஓர் இடத்தில் களுக்கென்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எப்போது திறந்தாலும் அதே இடத்தில் சிரிப்பு வரும். அப்படி என்ன வைத்திருந்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாளே எல்லாக் குரல்களையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். ஒன்று சார்ஜாவுக்குப் போனது, ஒன்று உங்கள் பீரோவுக்கு. ஒரே இடத்தில் வைத்த பொருளை வைத்ததாகச் சொல்ல முடியாது என்று நான் சொன்னது உங்களுக்குப் பிடித்துவிட்டது. தெருவில் எல்லோரிடமும் அதை நீங்களே கண்டுபிடித்ததுபோலச் சொன்னீர்கள். அது மட்டுமா? என்னைப் பற்றியும் சொன்னீர்கள். ஆம்பிளை ஆளைக் கூடத்தில் உட்கார வைக்க முடியாத வீடுகளில் எல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உம்மா துணைக்கு வருவாள். நான் வேலை பார்ப்பேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தேன்.

இந்த வருஷம் நோன்பு முடிந்து கொஞ்ச நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். படுக்கையில் அதிகம் கிடக்கவில்லை, வலியும் இல்லை என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். மய்யித்தை அடக்க வந்த உங்கள் மகன், சார்ஜாவுக்குத் திரும்புமுன் என்னிடம் பாஸ்வேர்டைக் கேட்டார். தெரியாது அண்ணே என்றேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லையா என்று கேட்டு, அழுத கண்ணோடு சிரித்துவிட்டார். அந்தக் கணக்கை எப்படி முறையாக எழுதிக் கேட்டு மூடுவது என்று அவரிடம் நின்று நிதானமாக விளக்கினேன். பீரோவிலிருந்த பென் டிரைவை அவர் எடுத்துக்கொண்டு போனார்.

போன மாதம் அதிலிருந்து ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். கடைசி மாதங்களில் நீங்களும் மாமாவைப் போலப் பேத்திக்காகப் பேசிப் பதிந்து அந்தப் பென் டிரைவிலேயே சேர்த்தீர்களே, அதில் ஒன்று. எங்கள் உம்மா இதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை, கேட்டுப் பார் என்று எழுதியிருந்தார்.

நீங்கள் பேத்திக்கு சலாம் சொல்லி ஆரம்பிக்கிறீர்கள். அதற்குள் நான் எங்கிருந்தோ வந்துவிடுகிறேன். வீரவநல்லூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் எதற்கெடுத்தாலும் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்ததை, அவர் குரலிலேயே பேசிக் காட்டுகிறேன். வாய் ஓயாமல் பேசுகிறேன், நடுநடுவே நானே சிரித்துக்கொள்கிறேன். பதிவு ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் என்னைத் தடுக்கவில்லை, பதிவை நிறுத்தவும் இல்லை. அந்த சலாமுக்குப் பிறகு கடைசிவரை உங்கள் சத்தமே அதில் இல்லை. நாற்காலி மட்டும் ஓரிடத்தில் கிறீச்சென்கிறது, நீங்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

அதை என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், மாமி. வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கிறது.