பால் பொங்குவதற்கு முன்னே

மட்டாஞ்சேரி,
ஐப்பசி 12

சிரஞ்சீவி கோவிந்துக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை, பட்டு வேட்டியும் விபூதியுமாக நீ நன்றாகவே இருப்பதை வீடியோவில் பார்த்தாகிவிட்டது. போனில் பேசலாம் என்றால் 'கெஸ்ட் வந்திருக்கா, அப்பறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை ஸுப்ரியா கலூரிலிருந்து வரும்போது படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய், தெரியும். எழுத்துக் கூட்டிப் படி, கொஞ்சம் கஷ்டப்படு.

அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டியதும் ஸுப்ரியாதான். உங்கள் கண்டி ஹோட்டலில் 'தமிழ்க் குடும்பத்தோடு பொங்கல்' என்று ஒரு பேக்கேஜாம், போன தையில் எடுத்த படத்தை வரும் பொங்கலுக்கு ஆள் பிடிக்க இப்போது விட்டிருக்கிறார்களாம். முற்றத்தில் கோலம், கரும்பு, பானை, சுற்றிலும் ஜெர்மன்காரர்கள், நடுவில் மூத்த பிள்ளையாக நீ. பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டி மல்லிகை வைத்துக்கொண்டு ஒருத்தி. அவளைக் காட்டி, இவர்தான் என் அம்மா என்று இங்கிலீஷில் சொல்கிறாய். யாருடா அவள்? ஸுப்ரியா உன்னிடமே கேட்டாளாம், ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் சிங்களப் பெண்மணி, ரொம்ப நல்ல மாதிரி என்றாயாம். இருக்கட்டும், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என்னைவிட நன்றாகவே புடவை கட்டியிருக்கிறாள். ஆனால் போன பொங்கலுக்கு வாடா என்று நான் கெஞ்சியபோது 'சீசன்மா, ஒரு நாள்கூட நகர முடியாது' என்றாயே, அந்தச் சீசன் இதுதானா? பொங்கலன்று காலையில் வழக்கம்போலக் கூப்பிட்டு 'பால் பொங்கித்தா அம்மா' என்று கேட்டாய், நானும் 'பொங்கித்துடா கண்ணா' என்று சொல்லிவைத்தேன். அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்டாயோ என்னவோ. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

நீ போன நாளிலிருந்து அந்தத் தேசத்தில் ஆட்சி மாறுகிறபோதெல்லாம் எனக்கு ஒரு புதுச் சாக்கு வந்துகொண்டிருக்கிறது. சண்டை முடிந்த மறு வருஷம் போனாய், இனி உலகமே இங்கேதான் வரப்போகிறது, லீவு கேட்க முடியாது என்றாய். சண்டை நடந்த ஊர்களைச் சுற்றிக் காட்டப் பஸ் விடுகிறோம் என்று நீதான் சொன்னாய், பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டு வாசலில் இறங்கி ஒரு சாயா, ஒரு போட்டோ, நன்றாயிருக்கிறது வியாபாரம். அரசாங்கம் மாறிற்று, போஸ்டரில் பட்டாளம் போய் யானையும் தேயிலையும் வந்தன, அப்போதும் சீசன். ஸுப்ரியா கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்கு வந்து, மறுநாள் கட்டுசாதக் கூடை கொடுத்துச் சம்பந்தியை வழியனுப்புவதற்கு முன்னால் பறந்துவிட்டாய். ஈஸ்டரன்று குண்டு வெடித்து ஹோட்டல்களெல்லாம் காலியானபோது இப்போதாவது வாயேன் என்றேன், ஆளைக் குறைக்கிறார்கள், லீவு கேட்டால் என்னைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்றாய். கோவிட் வந்தது, சரி, அதற்கு யாரைச் சொல்ல. அப்புறம் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று நின்று பொறுமை போய் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக் குளத்தில் இறங்கிக் குளித்தார்களே, உங்கள் ஹோட்டல் குளத்தில் கால் நனைக்க ஆளில்லாத வருஷம், அப்போதும் நீ வரவில்லை. ஆள் வந்தால் லீவு இல்லை, வராவிட்டால் லீவு கேட்கப் பயம். இப்போது வந்திருக்கும் அரசாங்கம் ஒற்றுமை ஒற்றுமை என்கிறதாம், உடனே உங்கள் முதலாளிக்கும் ஒற்றுமை பொத்துக்கொண்டு வந்து தமிழ்க் குடும்பம் ஒன்றை ஜோடித்துவிட்டார். நிஜக் குடும்பம் இங்கே பிள்ளை முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறது.

உன் அப்பா மட்டும் என்ன யோக்கியம். ஜூ டவுன் யூதத் தெருவில் இருக்கும் தன் பழம்பொருள் கடையில், போன மாதம் வார்த்த பித்தளை விளக்கைப் புகை காட்டிக் கறுக்கவைத்து, ஒல்லாந்துக்காரன் வந்தால் ஒல்லாந்தர் காலத்தது என்கிறார், போர்ச்சுக்கல்காரன் வந்தால் போர்ச்சுக்கீசியர் காலத்தது, அதே விளக்கில் ஒரு காலையில் இரண்டு ஆட்சி மாறுகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு 'பையன் தொழில் கத்துண்டுட்டான்' என்று சிரித்தார். எதிர்வீட்டு ஆட்டோக்கார முகமது இஸ்மாயிலும் பார்த்துவிட்டு 'சேச்சி, கோவிந்தோட அம்மை சேச்சி அல்லே? இது ஆரா?' என்று, இவள் யார் என்று என்னையே கேட்டான். அவன் போனபிறகு அப்பா சத்தத்தை அணைத்துவிட்டு உன் முகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டதே என்றார்.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர. பானையில் பால் பொங்கவேயில்லை, அதற்குள் 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லோருமாகக் கத்துகிறீர்கள். காலை இளவெயில் போய்விடும் என்று கேமராக்காரன் அவசரப்படுத்தினானாம். அங்கே வந்த அரசாங்கமெல்லாம் செய்ததும் இதுதானே, அடுப்பு பற்றுவதற்குள் கூச்சல். இங்கேயும் ஆட்சி மாறினால் தெருவில் பலகை மாறும், சாக்கடை மாறாது. அவர்கள் எப்படியோ போகட்டும், என் வயிற்றில் பிறந்தவன் பொங்காத பாலுக்குக் கத்தலாமா?

ஆகையால் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஸுப்ரியாவை விட்டு அந்தப் பேக்கேஜில் எனக்கும் அப்பாவுக்கும் இடம் பிடித்தாயிற்று. தங்களைக் கவனித்துக்கொள்ள கோவிந்த் என்பவர் இருப்பார் என்று ஹோட்டலிலிருந்து பதிலும் வந்துவிட்டது. ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பஸ்ஸில் வருகிற நேரம்தான் கொழும்புக்கு விமானத்தில், இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை பார். கெஸ்டாக வந்தால் பாதிப் பேச்சில் எழுந்து போகமாட்டாயே.

அந்தப் பெண்மணிக்கு ரவிக்கைத் துணியும் மஞ்சள் குங்குமமும் எடுத்து வருகிறேன், என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். ஆனால் பொங்கலன்று ஒரு நாள் அவளுக்கு லீவு கொடு, சீசன் என்று சொல்லாதே. மழை நாள், தலை துவட்டாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுஸாக, மனசு நிறைந்து இரு. பானையை நான் வைக்கிறேன். பால் தானாகப் பொங்கி வழிகிறவரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, கேமராக்காரனிடம் இப்போதே சொல்லிவை.

இப்படிக்கு,
உன் சொந்த அம்மா,
திரிபுரசுந்தரி