வண்டியில் ஏறாத பதினோரு பேர்

பிப்ரவரி 4, செவ்வாய்

அவரைக்காய் வாங்கக் கிளம்பியவள், தபால் ஆபீசுக்குப் போய் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அவரைக்காய் இல்லாமல் வீடு வந்தேன். சென்னையில் ஒரு அறக்கட்டளை வருடா வருடம் சமூக சேவைக்கு விருது கொடுக்கிறது. பட்டயத்தோடு, அந்தச் சேவைக்கு வேண்டிய ஒரு பொருளும் தருவார்கள். 'யாருக்கு?' என்ற இடத்தில் அமீர் பாஷா, மிளகு வியாபாரி, சேந்தமங்கலம் என்று எழுதினேன். 'என்ன பொருள்?' என்ற இடத்தில், ஆட்களை ஏற்ற அனுமதியுள்ள வேன்.

பாய் பதினாலு வருடமாகத் தன் குட்டியானை சரக்கு வண்டியில் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுக்குப் போய் மிளகும் அன்னாசியும் ஏற்றி வருகிறார். அங்கே என் பழைய மாணவி பாவாயியின் ஊருக்கு மண்பாதைதான். ரோடு வரைக்கும் 108 வரும். வலி கண்டவளை அந்த ரோடு வரைக்கும் யார் கொண்டு வருவது? மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு பாய் கொண்டு வருவார். அவசரமென்றால் எழுபது வளைவும் இறக்கி ஆஸ்பத்திரி வரைக்கும். அதற்கென்றே அவர் மனைவி அலிமா பீவி தைத்த இலவம்பஞ்சு மெத்தை வண்டியிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் உறையைத் துவைப்பதும் அவள்தான். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தப்பு, எனக்கும் தெரியும். போன மாதம் அடிவாரத்தில் போக்குவரத்து அதிகாரிகள் நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்தால் வண்டி திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அன்றிலிருந்து பாய் யாரையும் ஏற்றவில்லை. போன வாரம் ஒரு பெண்ணைத் தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்களாம். அதனால்தான் வேன்.

விசாரித்து முடியும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. கேள்வித்தாளை முன்னாலேயே காட்டாத மாதிரி. நியாயம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

நாளை மறுநாள் அறக்கட்டளையின் ஆள் மலைக்குப் போகிறார். பாவாயியிடம் சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

அவர் பெயர் அருணாசலம். சாயங்காலம் நேரே இங்கே வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"பதினோரு பேரப் பாத்தேன் மேடம். ஒருத்தர்கூட அந்த வண்டியில ஏறினதில்லையாம். 'பாய் மொளகு மட்டுந்தான் ஏத்துவாரு'ங்கறாங்க." பிறகு மெதுவாக, "நீங்க நேர்ல பாத்து எழுதினதா, யாராவது சொல்லி எழுதினதா?"

முப்பத்துநாலு வருடம் சிவப்பு மையில் மற்றவர் தப்பைத் திருத்தியவளிடம் கேட்ட கேள்வி.  அவர் போன பிறகு விண்ணப்பத்தின் நகலை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். அந்த ஊரில் யார் யார் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஏன் இப்படிச் சொன்னார்கள்?

மார்ச் 14, வெள்ளி

பாவாயியைப் போனில் பிடித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். இரண்டு பிள்ளைகளையும் அந்த மெத்தையில் படுத்துப் போய்ப் பெற்றவள்.

"ஏம் பாவாயி, பாய் வண்டியில நீ ஏறினதே இல்லையா?"

"ஒரு நாளும் இல்லீங்களே."

"அடியே, நான் டீச்சர் பேசறேன்."

குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா டீச்சர்?"

பிறகு சொன்னாள். கையில் பைல், பையில் இரண்டு பேனா, வந்ததும் வண்டியைப் பற்றித்தான் கேள்வி. பாயைப் பிடிக்க வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள். முதல் வீட்டில் அவர் உட்காருவதற்குள் கடைசி வீட்டுக்குச் சேதி போயாயிற்று.

"பாய மாட்டி உட்டுருவமா நாங்க? ஒருத்தரும் வாய் தவறலீங்க. சின்னமுத்து தாத்தா, 'பாயா? அது ஆரு?'ன்னே கேட்டுப்புட்டாரு."

குரலில் அவ்வளவு பெருமை. திட்டினேன். போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு வேன் ஞாபகம் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இனி என்ன ரகசியம்? பாய் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விருது என்றதும் தலையைக் குனிந்துகொண்டவர், பதினோரு பேர் கதை வந்ததும் நிமிர்ந்தார்.

"பாவாயியா ஏறலைன்னு சொன்னா? ரெண்டு வளைவு தாண்டலீங்க, வண்டி பூரா வாந்தி."

உள்ளேயிருந்து அலிமா பீவி, "வண்டி பூராவா? மெத்தையில. தொவச்சவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

அறக்கட்டளைக்கு இப்படிக் கடிதம் எழுதினேன்: ஜன்னல் கண்ணாடி உடைந்தால் வகுப்பில் ஆளுக்கொரு கதை வரும். நாற்பது பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால், எல்லாரும் சேர்ந்து ஒருவனைக் காப்பாற்றுகிறார்கள் என்று அர்த்தம். சும்மா ஒருவனை அப்படிக் காப்பாற்ற மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் பதினோரு பதில்களையும் வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 9, புதன்

பதில் இல்லை. நேற்று மறுபடி தூளி. தாயும் பிள்ளையும் நலம். தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. கேள்விப்பட்ட பாய் வண்டிச் சாவியை எதிரில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அருணாசலம் பேசினார். கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று மறுபடி மலைக்குப் போயிருக்கிறார். பைல் இல்லாமல், பஸ்ஸில். யாரையும் எதுவும் கேட்கவில்லையாம். வெயிலுக்கு ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம்.

"மேடம், அந்த ஊர்ல முஸ்லிம் குடும்பம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"ஒரு அம்மா, 'அமீரு, சோறு திங்க வாடா'ன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு பையனுங்க ஓடி வந்தாங்க. மூணாவது ஒருத்தன், 'எந்த அமீரு?'ன்னு கேட்டான். அவன் பேரு பாஷாவாம்." சிரித்தார். "இதுக்கு மேல நான் யாரப் போய்க் கேக்கறது?"

எனக்கே இது தெரியாது. நான் ஓய்வு பெற்று ஏழு வருடம்; என் வருகைப் பதிவேட்டுக்குப் பிறகு வந்த பிள்ளைகள். பாவாயியின் சின்னவனும் ஒரு அமீர்தான். வீட்டில் கூப்பிடும் பெயராம். என்னிடம் பள்ளிப் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறாள், கள்ளி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சென்னை. பாயின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர், அலிமா பீவியும் எழுந்து வரும் வரை நகரவில்லை. படிவத்தில் நான் விட்டதை அவர் திருத்திவிட்டார்.

மலையிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மைக்கைக் கொடுத்ததும் சின்னமுத்து தாத்தா, "நான் அந்த வண்டியில ஏறியிருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 27, சனி

பேளுக்குறிச்சி சந்தைக்கு இன்று பாய் போகவில்லை. விடிந்ததும் வேன் மலைக்குப் போயிற்று. பாவாயியின் தம்பி மனைவி பூங்குழலிக்கு வலி. மதியம் பாவாயி போன் பண்ணினாள்: "பொம்பளப் புள்ளைங்க டீச்சர். பேரும் முடிவாயிருச்சுங்க."

அலிமா பீவியிடம் போய்ச் சொன்னேன். வேனில் படுக்கை இருக்கிறது, இனி மெத்தை வேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை போலும். தையல் மெஷினில் ஒரு மெத்தை உறை ஓடிக்கொண்டிருந்தது. முழ நீளம்தான் இருக்கும்.

"என்ன பேருங்க டீச்சர்?"

"அலிமா."

மெஷினை நிறுத்தினாள். "சத்தத்துல கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க."

கேட்டிருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்னொரு முறை சொன்னேன்.