நீர்ச்சில்லின் மாதிரிக்கட்டையை அலுமாரியிலிருந்து விடுவிக்கக் கோருதல்

அனுப்புபவர்:
சூ. கிறகோரி,
வார்ப்புப் பகுதி மேற்பார்வையாளர்,
மெல்ரொன் வார்ப்பாலை,
வவுனியா.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
முகாம் நீர்வழங்கல் உதவித் திட்டம்,
வவுனியா.

விடயம்: மரத்தாலான மாதிரிக்கட்டை அளவு கூடியதெனத் தடுத்து வைக்கப்பட்டமை பற்றிய முறைப்பாடு

மதிப்பிற்குரிய ஐயா,

1. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் உள்ள நலன்புரி முகாமில் வசிக்கிறேன். எங்கள் கிணற்றிலிருந்து தாங்கிக்கு நீரேற்றும் இயந்திரத்தின் உட்சில்லு கடந்த மே மாதம் உடைந்துவிட்டது. இயந்திரம் பழையது, உதிரிப்பாகம் கொழும்பிலும் கிடைக்கவில்லை. அச்சில்லை எங்கள் வார்ப்பாலையிலேயே வார்த்துத் தருவதாகத் தங்கள் திட்டத்துடன் உடன்பட்டோம். சில்லு உடைந்த நாளிலிருந்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் பவுசர் வண்டித் தண்ணீரில்தான் முகாம் சீவிக்கிறது.

2. முதலில் சில்லை மரத்தில் செய்வோம்; அதுதான் மாதிரிக்கட்டை. அதை மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவோம். ஆறும்போது இரும்பு அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, சுருங்கும். கடைந்து மினுக்க இன்னொரு நூல் வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சில்லுக்கு மரம் பன்னிரண்டேகால் இருப்பது இதனாற்றான். எங்கள் தச்சர் மயில்வாகனம் அப்படித்தான் செய்தார்.

3. ஜூன் மாதம் தங்கள் பரிசோதனை உத்தியோகத்தர் திரு. ராஜரத்தினம் சில்லின் வரைபடத்துடனும் அளவுநாடாவுடனும் வந்தார். "படத்தில பன்னிரண்டு, கட்டையில பன்னிரண்டேகால். என்ன, கண் தெரியாதோ உங்களுக்கு?" என்று கேட்டார். விளக்க முயன்றேன், இரும்பு சுருங்குமென்று படத்தில் எழுதியில்லை என்றார். கட்டையைக் கொண்டுபோய், வேறொரு தச்சரைக் கொண்டு சரியாகப் பன்னிரண்டுக்குச் சீவி, முத்திரை குத்தி அனுப்பினார்.

4. முத்திரையிட்ட கட்டையால் மட்டுமே வார்க்கலாம் என்பது நிபந்தனை. உலைக்கு வேண்டிய கற்கரி அனுமதிப் பத்திரத்துக்குக் கொஞ்சமாகத்தான் கிடைப்பதால் மாதத்தில் ஒருநாள்தான் உலை மூட்டுகிறோம். அந்த நாளையும் விடக்கூடாதென்று, பிழையென்று தெரிந்துகொண்டே ஊற்றினேன். அது என் குற்றம்; அதை மறைக்கவில்லை. சில்லு எதிர்பார்த்தபடியே சிறுத்து வந்தது. இயந்திரத்தில் பூட்டியபோது கடகடவென்று ஆடியதே தவிர, ஒரு வாளி நீரும் மேலே ஏறவில்லை. அதே உத்தியோகத்தர் அதே நாடாவால் அளந்து, "வார்ப்பாலையின் கவனயீனம்" என்று எழுதிவிட்டுப் போனார்.

5. மயில்வாகனம் மறுபடியும் பன்னிரண்டேகாலில் புதுக் கட்டை செய்தார். ஜூலை 20 அன்று அது பரிசோதனைக்குப் போனது. முன்பு எச்சரித்தும் திருந்தவில்லை என்று உத்தியோகத்தர் அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான்கு தடவை போனேன். மூன்று தடவை அவர் வெளியே போயிருந்தார். நான்காவது தடவை அலுமாரித் திறப்பு வெளியே போயிருந்தது.

6. ஐயா, இதற்குமேல் கோபத்தை அடக்கி எழுத எனக்குத் தெரியவில்லை. புதுச் சில்லு வருகிறது என்று முகாமில் சொன்னவன் நான். அந்த நம்பிக்கையில் சனம் என் மனைவி எமில்டாவைத் தண்ணீர் வரிசையில் முன்னுக்கு விட்டது. இப்போது அவவின் வாளி கடைசியில் நிற்கிறது. யாரும் அவவை ஏசவில்லை. "அண்ணை இரும்பு ஊத்துறவர்தானே, ஊத்தட்டும்" என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். போன கிழமை அவவின் முறை வரமுன்னர் பவுசர் வற்றிவிட்டது. வெறும் வாளியுடன் வந்தவ அதை என் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7. உத்தியோகத்தரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அந்த அலுமாரியைத் திறப்பித்து, கட்டையைச் சீவாமல் தருமாறு மட்டும் கேட்கிறேன். சிறுத்துப்போன சில்லை இம்மனுவுடன் அனுப்பியுள்ளேன். தயவுசெய்து தாங்களே அதை அளந்து பாருங்கள். பன்னிரண்டு அங்குல மரத்திலிருந்து வந்த இரும்பு அது.

8. வரும் வியாழன், 19ஆம் திகதி, காலை ஆறு மணிக்கு உலை மூட்டுகிறோம். தவறினால் அடுத்த உலை செப்டெம்பரில்தான். மணற்பெட்டி ஒன்றை வெறுமையாக வைத்திருப்பேன். இம்முறை சீவிய கட்டை வந்தால், எத்தனை முத்திரை இருந்தாலும் ஊற்றமாட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) சூ. கிறகோரி

இடம்: வவுனியா
திகதி: 1999.08.13

இணைப்பு: கழிக்கப்பட்ட இரும்புச் சில்லு ஒன்று. பாரமானது, இருவர் பிடித்து இறக்கவும்.